கன்னியா கிணற்று ஆய்வுக்கு 'என்ன பயன்?' என்கிறார்கள்

உப்புவெளியான்:
திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு ஒரே அளவில்லை. எதில் எந்த நுண்ணுயிர் வாழ்கிறது என்று பார்க்க நிதி கேட்டேன். படிவத்தில் முதல் கேள்வியே, 'இரண்டு வருடத்தில் என்ன பொருளாதாரப் பயன்?' தெரிந்தால் நான் ஏன் ஆய்வு செய்யப்போகிறேன்? இதற்கு என்னத்தை எழுதுவது?

நிலாவெளி அக்கா:
தம்பி, நுண்ணுயிர் ஆய்வாளர் தாமஸ் பிராக்கின் கதையை எழுதுங்கோ. 1966இல் அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றில் அவரும் ஒரு மாணவரும் 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். பயன் எதையும் தேடிப் போகவில்லை. டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறை 1983இல்தான் வந்தது. அந்தப் பாக்டீரியாவின் சூடு தாங்கும் நொதி இல்லாமல் அது இவ்வளவு பரவியிருக்காது. கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டார்களே, அந்தப் பரிசோதனைதான்.

மூதூர் முகிலன்:
வென்ற கதையை மட்டும் சொன்னால் சரியா? ஒன்றுக்கும் உதவாத ஆய்வுகளும் ஏராளம். மக்கள் பணம், கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

நிலாவெளி அக்கா:
கேளுங்கோ, ஆனால் கேள்வி வேறாக இருக்கட்டும். அமெரிக்காவின் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ ஆய்வு நிறுவனம் திட்டத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து நீண்டகாலப் பணம் கொடுக்கிறது. 2011இல் வந்த ஓர் ஒப்பீட்டின்படி, வழக்கமான திட்ட நிதி பெற்றவர்களைவிட அந்தப் பணம் பெற்றவர்களிடம் பெரிய வெற்றிகளும் அதிகம், சறுக்கல்களும் அதிகம். நியூசிலாந்தில் 2013 முதல் ஒரு மருத்துவ ஆய்வு நிதிக்குத் தகுதியானவர்களிடையே குலுக்கல்தான்!

உப்புவெளியான்:
குலுக்கலா? அப்ப எனக்கும் ஒரு சீட்டு.