புதுப்பிப்பு: கண்ணாடியில் ஒட்டிய பழைய போட்டோக்கள்

ஆல்பத்தில் ஒட்டிய படத்தை டென்டல் ஃபிளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும்) நூலால் அறுத்தெடுக்கலாம் என்று முன்பு எழுதியது ஆல்பப் பசைக்கு மட்டும். பிரேம் கண்ணாடியில் ஒட்டியதற்கு நூல் வேண்டாம். ஈரத்தில் இளகி ஒட்டிக்கொள்வது படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் பரப்பே. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள்.

பின்பக்கம் பெயர் எழுத மெத்தென்ற 4பி பென்சில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தழும்பாகத் தெரியும்.

ஆண்டு தெரியவில்லையா? ஸ்டுடியோ முத்திரையில் வெறும் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றிருந்தால் பெரும்பாலும் 1989ல் அந்த மாவட்டம் பிரிக்கப்பட்டதற்கு முந்தையது. (பழைய முத்திரையைத் தேயும்வரை குத்தியவர்களும் உண்டு!) வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயிலில் பூசை நடப்பதுபோல் இருந்தால் 1981க்குப் பிந்தையது, அதுவரை வெளியே இருந்த லிங்கம் அந்த ஆண்டுதான் கோயிலுக்குள் திரும்பியது.