'கூடுதல் காப்பு' வேண்டாம், 'கண்ணிக் காப்பு' என்போம்

கணினிச் சொற்களைத் தமிழாக்கும் நம் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> 'கூடுதல் காப்பு' பழகிவிட்டது. இன்கிரிமென்டல் பேக்கப்புக்கு இப்போது எதற்குப் புதுச் சொல்?

பழகியதால்தான் மாற்றச் சொல்கிறேன். முதலில் எல்லாவற்றையும் ஒருமுறை நகலெடுத்து, பிறகு ஒவ்வொரு முறையும் மாறியதை மட்டும் சேர்த்துவரும் காப்புக்குத்தான் இந்தப் பெயர். இங்கே பெங்களூரு அல்சூரில் தமிழர் ஒருவர் நடத்தும் சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், வரவு செலவு எல்லாம் ஒரே லினக்ஸ் கணினியில். இரவில் டூப்ளிசிட்டி என்ற காப்பு மென்பொருள் ஓடும். முந்தின இரவுக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுத்து, 200 எம்பி துண்டுகளாக நறுக்கி, ஜிபிஜி என்ற மென்பொருள் கொண்டு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து, எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறை வழியாக வெளியூர் சர்வருக்கு அனுப்பும். சுவரில் ஒட்டிய தமிழ்க் குறிப்புத்தாளில் இருந்தவை நம் சொற்கள்தாம்: முழுக் காப்பு, கூடுதல் காப்பு.

சர்வரில் இடம் நிறைந்தபோது அங்கே வேலை பார்க்கும் தம்பி அந்தத் தாளைப் பார்த்திருக்கிறார். முழுக் காப்பைத் தொடவில்லை. 'கூடுதல்' என்றால் மிச்சம்தானே என்று, நடுவில் ஒரு வாரத்துப் பெரிய கோப்புகளை அழித்துவிட்டார். தமிழ் தெரிந்த யாரும் அந்தச் சொல்லை அப்படித்தான் படிப்பார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு கணினியின் வட்டு போனது, மீட்பு பாதியில் நின்றது. மறையாக்கம் செய்த கோப்பு என்றாலே எல்லாருக்கும் முதல் சந்தேகம் கடவுத்தொடர் (சாவியைத் திறக்கும் நீண்ட கடவுச்சொல்) மேல்தான். ஒரு துண்டைக் கையால் இறக்கி ஜிபிஜியிடம் கொடுத்தோம், சிக்கலில்லாமல் திறந்தது. சாவி சரி, கடவுத்தொடர் சரி. இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். அதன்பின் சர்வரின் கோப்புப் பட்டியலைத் தேதிவாரியாகப் பார்த்தோம். அந்த வாரத்து இரவுகளுக்கு மேனிஃபெஸ்ட் (எந்தத் துண்டில் எது என்ற பட்டியல்) இருக்கிறது, சிக்னேச்சர் கோப்பும் (கோப்புகளின் அன்றைய நிலையைச் சுருக்கமாகக் குறித்து வைப்பது) இருக்கிறது, தரவுத் துண்டுகள் மட்டும் இல்லை.

இரவு ஓட்டம் ஏன் ஒருநாளும் முறையிடவில்லை? எது மாறியது என்று கண்டுபிடிக்க அதற்குச் சிக்னேச்சர் போதும், பழைய துண்டுகளைத் திறந்து பார்க்கும் தேவையே இல்லை. மீட்கும்போதுதான் முழுக் காப்பில் தொடங்கி ஒவ்வொரு இரவாக மேலே ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அழிந்த வாரத்துக்கு முந்தைய தேதியைக் கொடுத்து அதுவரை மீட்டோம். அந்த வாரத்தில் கைபட்ட கோப்புகளுக்கு, அடுத்த வாரத்துத் துண்டுகள் சர்வரில் பத்திரமாக இருந்தும் பயனில்லை.

ஆகவே ஒன்றில்லாமல் அடுத்தது நிற்காது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். சங்கிலியில் ஒரு வளையத்துக்குக் கண்ணி என்று பெயர். மென்பொருளும் இந்த வரிசையைச் சங்கிலி என்றே அழைக்கிறது. 'நடுக்கண்ணியை அழிக்காதே' என்று தாளில் எழுதினால் விளக்கம் தேவையில்லை.

> கண்ணி என்றால் பொறி. கண்ணிவெடி நினைவுக்கு வருகிறதே?

வரும், மறுக்கவில்லை. ஆனால் வலைக்கண்ணி, பூக்கண்ணி, சங்கிலிக் கண்ணி என எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் சொல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. 'காப்பு' பக்கத்தில் இருக்கும்போது யாரும் வெடியை நினைக்க மாட்டார்கள்.

> தொடர்காப்பு?

எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கும் காப்பு என்று படிக்க இடமிருக்கிறது, அப்படி ஒரு வகை உண்மையிலேயே உண்டு. அதற்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம். கன்னட நண்பர்கள் இணைய இணைப்புக்கு வழங்கும் 'கொண்டி'யை ஒருவர் பரிந்துரைத்தார். அழகான சொல்தான், நமக்கோ அது கதவில் போடும் கொண்டி.

டிஃபரன்ஷியல் பேக்கப்பை இதோடு குழப்ப வேண்டாம். அது எப்போதும் கடைசி முழுக் காப்போடு மட்டுமே ஒப்பிடுவது, நடுவில் ஒன்று போனாலும் மற்றவை பிழைக்கும். அதற்கு 'வேறுபாட்டுக் காப்பு' என்று வைக்கலாமா? எனக்கு அது கொஞ்சம் நீளமாகப் படுகிறது. இதைவிடச் சுருக்கமான சொல் கிடைத்தால் எழுதுங்கள்.

அச்சகத்துத் தாளை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன், பார்த்துத் திருத்துங்கள்:

"மாதம் ஒருமுறை புதிய முழுக் காப்பு எடுத்துப் புதுச் சங்கிலி தொடங்கவும். இடம் வேண்டுமானால் பழைய சங்கிலியை முழுதாக, மென்பொருளின் கட்டளை மூலமாகவே நீக்கவும். சர்வரில் நேரடியாக எந்தக் கண்ணியையும் அழிக்க வேண்டாம். நீக்கிய பிறகு சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டி, ஒரு கோப்பையாவது மீட்டுத் திறந்து பார்க்கவும். சாவியும் கடவுத்தொடரும் இந்தக் கணினிக்கு வெளியே தனியாக இருக்க வேண்டும்."

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இந்த வாரத்துக்குள் சொல்லிவிட்டால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை தாளை அச்சிட்டுக் கொண்டுபோய் ஒட்ட நினைக்கிறேன்.