அடைப்பு வேண்டாம், தடையும் வேண்டாம்: ‘ரேட் டிபென்டென்ட் பிளாக்’குக்குத் தமிழ்

அக்கா, வணக்கம்.

இதயம் வேகமாகத் துடிக்கும்போது மட்டும் மின்துடிப்பு ஓரிடத்தில் நின்றுபோவதுதான் ‘ரேட் டிபென்டென்ட் பிளாக்’. அதற்குப் பினாங்கிலிருந்து நீங்கள் அனுப்பிய ‘விரைவு அடைப்பு’ என்ற சொல் சுருக்கமாக இருக்கிறது, வாயிலும் எளிதாக வருகிறது. ஆனாலும் ‘அடைப்பு’ என்பதை இந்த இடத்தில் மட்டும் விட்டுவிடுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோலாலம்பூரில் இதய மின்னியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். தமிழ் நோயாளிகளுக்கு விளக்கம் சொல்வதும் என் பொறுப்பு. போன மாதம் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தா வந்தார். முன்பே மாரடைப்பு வந்தவர். ‘ஹார்ட் பிளாக்’கை யாரோ ‘இதய அடைப்பு’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, “ஏற்கெனவே ரெண்டு ஸ்டென்ட் வச்சாச்சு, மூணாவது எந்தக் குழாயில தம்பி?” என்று கேட்டார். பக்கத்தில் மகள் அழுதுகொண்டிருந்தார். ரத்தக் குழாயில் புதிதாக ஒன்றும் அடைக்கவில்லை, மின்துடிப்பு போகும் வழியில்தான் கோளாறு என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. ஒரு சொல்லுக்கு நாங்கள் கட்டிய தண்டம் அது.

நாம் பெயர் வைக்கப்போகும் பொருளைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இதயத் தசைச் செல் ஒவ்வொன்றும் துடிப்பை அடுத்த செல்லிடம் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் எதையும் வாங்காது. நல்ல கீழறைத் தசையில் அது ஏறக்குறைய 200 முதல் 300 மில்லிநொடி. நிமிடத்துக்கு 100 துடிப்பு என்றால் இடைவெளி 600 மில்லிநொடி, 150 என்றால் 400. நல்ல தசைக்கு இரண்டுமே தாராளம். வேகம் கூடக் கூட அது தன் ஓய்வையும் சுருக்கிக்கொள்ளும். அடிபட்ட தசைக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. தழும்புக்கு நடுவே பிழைத்துக் கிடக்கும் இழைகளில் செல்லுக்குச் செல் இணைப்பு நலிந்திருக்கும். செல்லுக்குள் சோடியத்தை விட்டுத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் வாயில்கள் மறுபடி தயாராக நேரமெடுக்கும். ஆய்வுக்கூடத்தில் இதயத்துக்குள் செலுத்தும் கம்பி வழியே நாம் துடிப்புகளை நெருக்கி நெருக்கிக் கொடுக்கும்போது அங்கே அலை முதலில் தள்ளாடும், பிறகு நின்றுவிடும். வேகத்தைக் குறைத்தால் பழையபடி போகும்.

பிறை ஊரிலிருந்து பினாங்குப் பாலம் ஏறும் டோலை, அதாவது சுங்கச்சாவடியை, நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கவுண்டரில் மட்டும் கம்பம் துருப்பிடித்து மெதுவாக ஏறுகிறது. கார்கள் விட்டுவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது. பெருநாள் கூட்டத்தில் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து வரும்போது அந்தக் கவுண்டர் மட்டும் நின்றுபோகும். பாதையில் கல்லும் விழவில்லை, மண்ணும் சரியவில்லை.

ஆபத்து இதற்கு அடுத்த கட்டத்தில். ஒரு பக்கம் நின்ற அலை, மறுபக்கம் மெதுவாக ஊர்ந்து சுற்றிவந்து, அதற்குள் தெளிந்துவிட்ட அந்த வழியிலேயே பின்புறமாக நுழையும். நுழைந்தால் சுழல்தான். இந்தச் சுழற்சியை உடலியல் அறிஞர் ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் 1913-இலேயே விளக்கிவிட்டார்.

‘தடை’ ஏன் கூடாதென்றால், ‘மின்தடை’ பள்ளிப் பாடத்தில் வேறு பொருளில் உட்கார்ந்துவிட்டது. ‘விரைவுத்தடை’ என்றாலோ தாமான் (குடியிருப்பு) சாலையில் வண்டி வேகத்தைக் குறைக்கப் போட்டிருக்கும் மேடுதான் ஞாபகம் வரும். என் சொல் ‘மறிப்பு’. ஆட்டை மறிக்கிறோம், ஆளை மறிக்கிறோம். வழி அங்கேயேதான் இருக்கிறது. ஆக, ‘விரைவுமறிப்பு’. நிற்பதற்கு முந்திய அந்தத் தள்ளாட்டத்துக்கு ‘நலிகடத்தல்’. கம்பி வழியே வேகமாகத் துடிக்கவைப்பதற்கு ‘விரைமுடுக்கல்’. ‘முடுக்கம்’ இயற்பியலில் வேறு என்று தெரியும். ஆனால் ‘இதயமுடுக்கி’ (பேஸ்மேக்கர்) ஊரெல்லாம் பரவிவிட்டது, அதைவிட்டு விலக மனமில்லை.

- - -

தம்பி,

அந்தத் தாத்தாவைப் பற்றிப் படித்ததும் என் ‘அடைப்பை’ நானே எடுத்துவிட்டேன். மறிப்பு நல்ல சொல். நலிகடத்தல் வினைத்தொகையாக அழகாக நிற்கிறது.

‘விரைவுமறிப்பு’தான் இடறுகிறது. விரைவு மறிக்கிறதா, விரைவை மறிக்கிறார்களா? மூன்று பேரிடம் எழுதிக் காட்டினேன், இரண்டு பேர் ‘வேகத்தைக் கட்டுப்படுத்துவது’ என்றார்கள். நீங்கள் வேண்டாமென்ற சாலை மேட்டிலேயே வந்து நிற்கிறது. ‘விரைவில் மறிப்பு’ என்று பிரித்தால் ‘சீக்கிரத்தில்’ என்றாகிவிடும். அதனால் நடுவே ‘சார்’ போடலாம்: ‘விரைவுசார் மறிப்பு’. இரண்டெழுத்துச் சிக்கனத்துக்காகப் பொருளைப் பறிகொடுக்கக் கூடாது.

- - -

அக்கா,

‘விரைவுசார் மறிப்பு’ என்றே வைத்துக்கொள்கிறேன், நன்றி. ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கணுவில் நலிகடத்தல் பிறவிக் குணம். மேலறை தாறுமாறாகத் துடிக்கும்போது அத்தனையும் கீழே இறங்காமல் காப்பதே அதுதான். அதனால் சொல்லில் ‘நோய்’, ‘கோளாறு’ எதையும் ஒட்ட வேண்டாம்.

தாத்தா செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறார். விளக்கத் தாளில் சொல்லைப் போட்டு, அதன்கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: “குழாய் அடைக்கவில்லை. வேகமாகத் துடிக்கும்போது மட்டும், தழும்புள்ள இடத்தில் துடிப்பை மறிக்கிறது.”