மாமா போட்ட இருபது காசு

மூன்று ஊர்களிலிருந்து மூன்று பேர் எழுதியது.

குடியாத்தத்திலிருந்து

மலேசியாவில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பக்கத்தில் பட்டர்வொர்த்தில்தான் அத்தை வீடு. மாமா லாரி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். காசு கொடுத்துப் பார்த்த வரையில் முதலில் அத்தையின் வளையல் போனது, பிறகு லாரியே போனது.

அப்புறம்தான் யாரோ சொல்லி சூ சி மையத்துக்கு மனுப் போட்டார்கள். தைவானைச் சேர்ந்த பௌத்த அறக்கட்டளை அது. ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்கிறார்கள். மனுப் போட்ட சில நாளில் நீலச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில் இரண்டு சீனப் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். விசாரிக்க வருகிறார்கள் என்றதும் அத்தை கூனிக் குறுகிப் போனார். வந்தவர்கள் தரையில் உட்கார்ந்து, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் பேசினார்கள். சாமி படங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எந்த மதம் என்ற கேள்வியே வரவில்லை. மாமா கடைசி வரை நெற்றி நிறைய விபூதியோடுதான் அந்த மையத்துக்குப் போய்வந்தார்.

நான் சொல்ல வந்தது அந்த மையத்தின் மேசையில் இருந்த மூங்கில் உண்டியலைப் பற்றி.

ஒரு நாள் மாமா அது என்னவென்று கேட்டார். அங்கிருந்த அம்மா சொன்ன கதை இது. 1966இல் தைவானில் ஹுவாலியன் என்ற ஊரில் செங் யென் என்ற பிக்குணி, முப்பது இல்லத்தரசிகளுக்கு ஆளுக்கொரு மூங்கில் குழாய் கொடுத்தார். காய்கறி வாங்கப் போகும் முன் தினமும் ஐம்பது காசு அதில் போட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகப் பதினைந்து தைவான் டாலர் கொடுத்துவிடுகிறோமே என்று அவர்கள் கேட்டதற்கு, கூடாது, தினமும் போட்டால்தான் தினமும் இன்னொருவரை நினைப்பீர்கள் என்றாராம். அந்தச் சில்லறையில் வளர்ந்த அமைப்புதான் 1991இல் வங்கதேசத்துக்கு உதவி அனுப்பி, அதன் பிறகு நாடு நாடாகப் போக ஆரம்பித்தது.

கேட்டு முடித்ததும் மாமா, “எனக்கும் ஒண்ணு குடுங்க” என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. “இன்னா மாமா, நம்மளே இங்க இனாமா வந்து படுத்துக்கிறோம்” என்றேன். “என் ரத்தத்தக் கழுவுற காசு எவனோ முகம் தெரியாதவன் போட்டதுடா மாப்ளே. நான் இருபது காசு போட்டா இன்னா கொறஞ்சிடும்?” என்றார்.

அன்றிலிருந்து காலையில் காபி குடிக்கும் முன் இருபது காசு. டயாலிசிஸ் முடிந்து எழுந்திருக்க முடியாத நாளில் அத்தையிடம் சொல்லிப் போடவைப்பார். 2015 ஏப்ரலில் நேபாள நிலநடுக்கம் வந்தது. சூ சி ஆட்கள் மருத்துவர்களோடு சில நாளிலேயே அங்கே போய்விட்டார்கள். இந்த உண்டியல் நேபாளத்துக்கு என்று சொன்னதும் மாமா அதை யாரிடமும் கொடுக்காமல் தானே மடியில் வைத்துக்கொண்டு வேனில் வந்தார். அதைக் கொட்டி எண்ணிய பிறகு, உதவி பெறுவோர் பட்டியலில் இருந்த மாமாவுக்கு முன்னால் நீலச் சட்டைக்காரர்கள் இடுப்பு வரை குனிந்து நன்றி சொன்னார்கள். கொடுக்கும்போதும் அப்படித்தான் குனிவார்கள், இரண்டு கையாலும் கொடுப்பார்கள். லாரி ஓட்டிய காலத்தில்கூட மாமா அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மாமா 2017இல் போய்விட்டார். உண்டியல் இப்போது குடியாத்தத்தில், என் அம்மா திருப்பதிக்கு மஞ்சள் துணி கட்டி வைத்திருக்கும் சொம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா பீடி சுற்றிய கூலியில் இரண்டிலும் போடுகிறார். இங்கே எண்ணிச் சொன்னால் அத்தை அங்கே அதே மதிப்புக்கு மலேசிய வெள்ளியை (ரிங்கிட்) மையத்தில் சேர்த்துவிடுவார். அவர் ஊருக்கு வரும்போது கணக்குத் தீர்த்துக்கொள்வோம்.

திருப்பத்தூரிலிருந்து

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பௌத்தம். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் திருப்பத்தூரிலும் கிளை இருந்தது. கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனவர்கள் வழியாகவும் இந்தப் பக்கம் பௌத்தம் பரவியது.

2022இல் இலங்கையில் பால் பவுடர், மருந்து, எரிவாயு எதுவும் கிடைக்காமல் சனங்கள் வரிசையில் நின்ற நேரம். வைகாசிப் பௌர்ணமிக்குக் கஞ்சி ஊற்றும் செலவைக் குறைத்து அங்கே அனுப்பலாம் என்று எங்களில் சிலர் சொன்னோம். கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். 2009ஐ யாரால் மறக்க முடியும்? “அங்க இருக்கிற பிக்குகள் நம்ம சனத்துக்காக வாயைத் திறந்தாங்களா?” என்று ஒரு தம்பி கேட்டான். அவன் கோபம் நியாயமானது. நானும் பதில் சொல்லாமல் இருந்தேன்.

கஞ்சி காய்ச்சும் பெரியம்மா ஒருவர்தான் பேசினார். “அழுவுற கொழந்த எந்தப் பாஷையில அழுவுதுன்னு பாத்தா பால் குடுப்பே?” என்றார். தமிழர்களுக்கு மட்டும் என்று பிரித்து அனுப்ப வேண்டாம் என்று இலங்கைத் தமிழர் தரப்பே கேட்டுக்கொண்டதாக முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் சொல்லியிருந்ததையும் எடுத்துச் சொன்னோம். அந்தத் தம்பி எழுந்து போகவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

முதலில் வீட்டுக்கு ஒரு படி அரிசி என்று வாங்கினோம். நான்கு மூட்டை சேர்ந்த பிறகுதான், அதை நாமாகக் கடல் தாண்டி அனுப்ப முடியாது என்று உறைத்தது. அரிசியை இங்கேயே விற்றுப் பணமாக முதலமைச்சர் நிவாரண நிதியில் கட்டினோம். தொலைவில் இருக்கும் சனத்துக்கு உதவ நினைப்பவர்கள் பொருளாகச் சேர்க்கும் முன் இதை யோசியுங்கள். மே 16 பௌர்ணமி. 18ஆம் தேதி சென்னையிலிருந்து முதல் கப்பல் 9,000 டன் அரிசியும் 200 டன் பால் பவுடரும் மருந்தும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. டிவியில் அதைக் காட்டியபோது பெரியம்மாவுக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

வேலூரிலிருந்து

சிஎம்சி மருத்துவமனை பக்கத்தில் சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். வங்கதேசத்திலிருந்து வருகிறவர்கள் அதிகம். ரூமிலேயே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை ராங்காமாட்டியிலிருந்து சக்மா குடும்பம் ஒன்று வந்து தங்கியது. அம்மாவும் ஒன்பது வயதுப் பையனும் தாய்மாமனும். சக்மாக்கள் வங்கதேச மலைப்பகுதிப் பழங்குடியினர், பௌத்தர்கள். பையனுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. அந்த அம்மா தினமும் ராத்திரி பள்ளிக்கூட நோட்டு ஒன்றை விரித்துவைத்து எழுதுவார். வங்காளம் தெரிந்த எங்கள் ரூம் பையனை விட்டுக் கேட்டேன். ஊர் விகாரையில் பிக்கு கேட்டுக்கொண்டதால் வீட்டுக்கு வீடு கொடுத்த பணத்தில் வந்திருக்கிறார்களாம். இடது பக்கம் யார் எவ்வளவு கொடுத்தார் என்பது. ஒருவர் பெயருக்கு நேரே இரண்டு சேவல் விற்ற காசு என்று இருந்தது. வலது பக்கம் இங்கே ஆன செலவு, தக்காளி வரைக்கும். திரும்பிப் போனதும் விகாரையில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டுமாம்.

பையன் நல்லபடியாகத் தேறினான். கிளம்பும்போது கடைசி மூன்று நாள் வாடகை வேண்டாம் என்றேன். அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. ரூம் பையன் ஏதேதோ பேசிச் சமாதானப்படுத்தினான். கடைசியில் நோட்டை எடுத்து என் பெயரைக் கேட்டார். இரண்டு தடவை சொல்லச் சொல்லி, இடது பக்கம், சேவல் விற்றவருக்குக் கீழே எழுதிக்கொண்டார்.