புதுப்பிப்பு: கொடைக்கானலில் கோல்ஃப் ஆடிவிட்டு வந்தேன்

மன்னார்குடிப் பக்கம் சமதளத்தில் பந்தடித்துப் பழகியவன் மலை மைதானத்தில் சமாளிப்பேனா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, போய் வந்துவிட்டேன். 1895-இல் தொடங்கிய கிளப், 18 குழிகள். வெளியாட்களும் கட்டணம் கட்டி ஆடலாம்.

எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரைதான். கொடைக்கானலில் நாலாவது குழிக்கே மூச்சு வாங்கியது. ஆனால் உண்மையான வில்லன் சரிவு. பந்து காலைவிட உயரத்தில் கிடந்தால் வலக்கைக்காரர் அடி இடப்பக்கம் இழுக்கும். தாழ்வில் கிடந்தால் வலப்பக்கம் ஓடும். போன மாதம் பதிலில் நீங்கள் இதைச் சொன்னபோது நம்பவில்லை, மூன்று பந்து காட்டுக்குள் போச்சு! மேலே காற்று லேசு என்பதால் பந்து கொஞ்சம் கூடுதல் தூரம் போனதில் ஒரு அற்ப சந்தோஷம்.

நடுவே காட்டெருமை ஒன்று வந்து நின்றது. கேடி அண்ணன் (கோல்ஃப் பையைத் தூக்கி வருபவரின் தொழில் பெயர்தான்!) “அது போகட்டும் தம்பி” என்றார். பத்து நிமிடம் காத்திருந்தோம்.