3 கிலோ சீரக சம்பா பிரியாணிக்குத் தண்ணீர்க் கணக்கு சொல்லுங்களேன்

வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு சேர்த்து 25 பேர் சாப்பிட வருகிறார்கள். மட்டன் பிரியாணி நானே செய்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

வீட்டில் நாலு பேருக்குக் குக்கரில் செய்தால் அருமையாக வரும். அரிசி 20 நிமிடம் ஊறல், ஒரு டம்ளருக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர், ஒரே விசில். இதே கணக்கை அப்படியே பெருக்கி, போன தீபாவளிக்கு அலுமினிய அண்டாவில் செய்தேன். மேலே அரிசி முழித்துக்கொண்டு இருந்தது, நடுவில் களி, அடியில் கரி. கரண்டியைக் குத்தினால் நட்டுக்கொண்டு நின்றது. மாமனார் மட்டும், "பொங்கல் நல்லா இருக்கும்மா" என்றார்.

இந்த முறை அரிசி 3 கிலோ, கறி 3 கிலோ. கறியைத் தனியாக வேகவைத்து அந்தச் சாற்றையும் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டுமா? தயிரும் தக்காளியும் விடும் தண்ணீரைக் கழிக்க வேண்டுமா? அப்புறம் தம். அடுக்குமாடி வீடு, தணல் அள்ளிப் போட வழியில்லை, காஸ் அடுப்புதான். அடியில் தோசைக்கல், மூடிமேல் வெந்நீர்ப் பாத்திரம் வைத்தால் போதுமா? எத்தனை நிமிடம்?

பாஸ்மதிக்கு மாறச் சொல்லாதீர்கள், நான் திண்டுக்கல்காரி. பெரிய அளவில் செய்து பழகியவர்கள் சனிக்கிழமைக்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.