உரைவழி விளையாட்டில் துணைப் பாத்திரங்களைக் கையாள்வது எப்படி?

கேள்வி (நாகர்கோவில்):
பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து வட்டக்கோட்டை வரையிலான பயணத்தை இங்க் (Ink) என்னும் கதை எழுதும் நிரல்மொழியில், படித்துத் தெரிவுகள் செய்து ஆடும் உரைவழி விளையாட்டாக எழுதி வருகிறேன். வர்ம ஆசான், கட்டுமரக்காரர், பனையேறி, ஏடு படிக்கும் பெண் ஆகிய நால்வரில் எவரெல்லாம் உடன் வருவார்கள் என்பது ஆடுபவரின் விருப்பம் என்பதால், 16 சேர்க்கைகளுக்கும் நிபந்தனைகள் எழுத வேண்டியிருக்கிறது. எப்படிச் சுருக்கலாம்?

மறுமொழி (தக்கலை):
அத்தனையும் தேவையில்லை. ‘குழு’ என்று ஒரே லிஸ்ட் மாறியை (பல பெயர்களை ஒன்றாக வைத்திருக்கும் பட்டியலை) வைத்து, சேர்பவரை += எனவும் பிரிபவரை -= எனவும் குறியுங்கள். அதைவிட முக்கியம், ஆளைக் கேட்காமல் திறமையைக் கேட்பது. ‘கடலறிந்தோர்’ என்று இன்னொரு லிஸ்டை வைத்து, இரண்டுக்கும் பொதுவானவர் உண்டா என்று ^ குறியால் பார்த்தால், பின்னர் ஐந்தாமவரைச் சேர்த்தாலும் பழைய காட்சிகளைத் திருத்த வேண்டியிராது.

மறுமொழி (குளச்சல்):
இது மிகச் சரியான வழி. ஆனால் பிரிந்தவர் எங்கே இருக்கிறார் என்பதற்குத் தனி மாறி வேண்டும்; முட்டத்தில் விட்டுவந்த கட்டுமரக்காரர், ஆடுபவர் திரும்பிச் செல்லும்போது அங்கேயே வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருக்க வேண்டும். கோட்டைச் சாவி அவரிடம் இருந்துவிட்டால் கதை முடங்கிவிடும் என்பதால், பிரியும் காட்சியிலேயே அவர் அதைத் திருப்பித் தருவதாக எழுதிவிடுங்கள்.